கண் பரீட்சைக்கு ஒரு டியூஷன்

ஜூன் 9

கோயமுத்தூர் கண் ஆஸ்பத்திரி டாக்டர் ரெஜினா இன்று எனக்கு ஒரு வேலை கொடுத்தார். என் மகள் பிரணிகாவின் கண்ணில் சொட்டு மருந்து விடுவதை அன்றன்றைக்கு எழுதி வைக்க வேண்டுமாம். நோட்டு வாங்கியாயிற்று. சொட்டு மருந்தை மட்டும் எழுதினால் இந்த நோட்டு நிரம்ப அவளுக்குக் கல்யாண வயது வந்துவிடும். அதனால் மீதி இடத்தில் என் கதையையும் எழுதிக்கொள்ளப் போகிறேன்.

காங்கேயம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பியூட்டி பார்லர் என்னுடையது. இந்த ஊரில் பாதிப் பெண்களின் புருவம் என் நூலுக்குத் தப்பியதில்லை. என் புருவத்தை மட்டும் நானே கண்ணாடியைப் பார்த்துத் திருத்திக்கொள்வதால், இடது புருவம் எப்போதும் கொஞ்சம் மேலே ஏறி நிற்கும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, என் வீட்டுக்காரர் இன்னும் அதைக் கவனிக்கவில்லை. அவர் கணக்கு டியூஷன் வாத்தியார். விடைத்தாளில் ஒரு புள்ளி விட்டுப்போனால் கண்டுபிடித்துவிடுவார்.

பிரணிகாவுக்கு ஒன்பது வயது. ஆறு வயதில் மூட்டுவாதம் வந்து முழங்கால் வீங்கியது. அந்த வீக்கத்துக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு, அது கண்ணுக்குள் குடியேறும் என்று எங்களுக்குத் தெரியாது. கண் சிவக்கவில்லை, வலிக்கவில்லை, நீர்கூட வடியவில்லை. சத்தமே போடாமல் இடது கண்ணுக்குள் வீங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. போன வருடம்தான் கண்டுபிடித்தார்கள். அப்போதிருந்து சொட்டு மருந்து, வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை, பதினைந்து நாளைக்கு ஒருமுறை வயிற்றில் ஊசி. ஊசியை நான்தான் போடுகிறேன். வாத்தியார் அந்த நேரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல" என்பார். யாருக்குச் சொல்கிறார் என்பது அவருக்கே வெளிச்சம்.

இன்றைய புதுச் செய்தி: அந்தக் கண்ணில் படலம் விழ ஆரம்பித்திருக்கிறது. ஒரு நாள் ஆபரேஷன் வேண்டியிருக்கும். ஆனால் வீக்கம் மூன்று மாதமாவது முழுக்க அடங்கியிருந்தால்தான் கத்தி வைக்க முடியும். இல்லாவிட்டால் ஆபரேஷனே வீக்கத்தைக் கிளப்பிவிடும். அதற்காகப் பார்வை ரொம்பவும் இறங்கும்வரை காத்திருக்கவும் கூடாது, மூளை அந்தக் கண்ணையே மறந்துவிடுமாம். ஆகவே ஒவ்வொரு முறையும் சுவரில் இருக்கும் எழுத்துகளை வாசிக்கச் சொல்லிப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

நான் பயப்படவில்லை. வீட்டுக்கு வந்ததும் பார்லர் கண்ணாடிகளை எல்லாம் ஒருமுறை துடைத்தேன். தூசியாக இருந்தது.

ஜூன் 14

ஞாயிற்றுக்கிழமை. கண்ணாடிக் கடைக்காரர் ஒருவரிடம் கேட்டு, ஆஸ்பத்திரியில் இருப்பது போலவே ஓர் எழுத்து அட்டையை வாத்தியார் வாங்கி வந்து முன்னறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டார். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடிப்பொடியாக.

"ஏனுங்க, இதென்ன பரிச்சையா? புள்ள மார்க்கு வாங்கறதுக்கு?" என்று கேட்டேன்.

"நீ சும்மா இரு அம்மிணி. பழகப் பழகத்தான் எதுவும் வரும்" என்றார்.

அவருக்கு எல்லாமே பழகினால் வரும். எனக்குச் சமையலும் அப்படி வரும் என்று நம்பித்தான் கட்டிக்கொண்டார்.

ஜூன் 15 – 29

சொட்டு மருந்து விட்டாயிற்று. ஊசி ஒன்று. பார்லருக்கு வரும் ராஜாமணி அக்காவுக்குத் தலைச்சாயம் ஒவ்வாமல் நெற்றி சிவந்து, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஜூன் 30

வாத்தியாரின் டியூஷனில் ஒரு வழக்கம் உண்டு. வாய்ப்பாடோ சூத்திரமோ, எல்லாவற்றையும் பிள்ளைகள் ராகம் போட்டுச் சொல்ல வேண்டும். அவர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்பார். ஒரு தாளம் தப்பினால் கண் திறக்கும். திறந்தால் அன்றைக்கு அந்தப் பிள்ளையின் பாடு அவ்வளவுதான்.

இப்போது சாயங்காலம் டியூஷன் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் பிரணிகாவுக்குத் தனி வகுப்பு. வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நிற்கிறாள். "ஈ... எஃப் பீ... டீ ஓ இஜட்டு..." பதினாறாம் வாய்ப்பாட்டின் ராகம் அப்படியே வருகிறது. அடுப்படியில் எனக்கே பாதி மனப்பாடம் ஆகிவிட்டது. இன்று கடைசிக்கு முந்தின வரி வரை போய்விட்டாள். அப்பனும் மகளும் கையடித்துக்கொண்டார்கள்.

ஜூலை 18

ஆடி பிறந்துவிட்டது. கல்யாணம் இல்லை, மணப்பெண் இல்லை, பார்லரில் ஈ ஓட்டுகிறேன். அதனால் கோயமுத்தூருக்கு நிம்மதியாகப் போய் வந்தோம்.

நல்ல செய்தி இரண்டு. கண்ணுக்குள் வீக்கம் அடங்கியிருக்கிறது. அடுத்தது, இடது கண்ணால் மேலிருந்து கீழே கடகடவென்று வாசித்துவிட்டாள். வாசிக்க வைக்கிற பெண்ணே நிமிர்ந்து பார்த்தாள். டாக்டர் மட்டும் பிரணிகாவின் கண்ணை விளக்கு வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். படலம் தடித்த மாதிரி தெரிகிறது, ஆனால் நன்றாக வாசிக்கிறாளே என்றார். நன்றாக வாசிக்கிற கண்ணில் அவசரப்பட்டுக் கை வைக்க வேண்டாம், பொறுத்துப் பார்ப்போம் என்றார்.

டாக்டர்களுக்கு எதைச் சொன்னாலும் ஒரு "ஆனால்" வேண்டும்.

திரும்பும் வழியில் வாத்தியார் மைசூர்பாகு வாங்கினார். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரருக்கும் ஒன்று கொடுத்து, யாரும் கேட்காமலே மகளின் கண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆகஸ்ட் 3

பிரணிகா இன்று டம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றினாள். டம்ளருக்குள் அல்ல, பக்கத்தில். தரை கழுவியது போல ஆகிவிட்டது. பராக்குப் பார்த்துக்கொண்டு வேலை செய்தால் இப்படித்தான் என்று திட்டினேன்.

ஆகஸ்ட் 11

பள்ளிக்கூடத்தில் பெஞ்சின் இடது ஓரத்துக்கு மாற்றிக் கேட்டாளாம். தோழி வலது பக்கம் உட்கார்ந்தால்தான் பேச வசதியாம். வகுப்பில் பேசுவதற்கு வசதி பார்க்கிற பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 20

நிலைப்படியில் இடது தோளை இடித்துக்கொண்டாள். இந்த வாரம் மூன்றாவது தடவை. வளர்கிற வயதில் பிள்ளைகள் இடித்துக்கொள்வார்கள்.

ஆவணி முகூர்த்தங்கள் ஆரம்பித்துவிட்டன. இன்று மட்டும் பதினோரு பேருக்குப் புருவம். ராஜாமணி அக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "ஏன் பூங்கொடி, ஊருக்கெல்லாம் கண்ணுக்குப் பக்கத்துல மூஞ்சிய வெச்சுப் பார்க்கறியே, உம் புள்ள கண்ணு இப்ப எப்புடி இருக்குது?"

நன்றாக இருக்கிறது என்றேன். அந்த வேகத்தில் நூல் சற்று அழுந்திவிட்டது. அக்கா கத்தினார்.

மகளின் கண்ணை நான் அப்படி உற்றுப் பார்ப்பதில்லை. சொட்டு மருந்து விடும்போதும் ஓரத்தில் விட்டுவிட்டுத் துடைத்துவிடுவேன். நேரம் எங்கே இருக்கிறது?

செப்டம்பர் 12

மறுபடியும் கோயமுத்தூர். வீக்கம் இன்னும் அடங்கியே இருக்கிறது. இப்படியே போனால் அடுத்த மாதம் ஆபரேஷனுக்குச் சரியான நேரம் என்று டாக்டர் ரெஜினா கணக்குப் போட்டார். ஆனால் (பாருங்கள், மறுபடியும் ஆனால்) பிரணிகா இந்த முறையும் ராகம் போட்டு ஒப்பித்துவிட்டாள். டாக்டர் முகவாயில் கை வைத்துக்கொண்டார். இவ்வளவு படலத்தோடு இவ்வளவு வாசிக்கிற பிள்ளையை நான் பார்த்ததில்லை என்றார். இப்போதைக்கு வேண்டாம், ஆறு மாதம் தள்ளிப் பார்ப்போம், ஆனால் அதற்குள் வீக்கம் திரும்பி வந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

ஆறு மாதம். எனக்கு அப்போதே பாதிப் பாரம் இறங்கியது போல இருந்தது. வாத்தியார் ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது விசிலடித்தார். அவருக்கு விசில் வரும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

பிரணிகா மட்டும் மைசூர்பாகு வேண்டாம் என்றுவிட்டாள்.

செப்டம்பர் 24

இதை எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் முன்னறையை ஒதுங்க வைத்தேன். மில்காரர் கொடுத்த பெரிய முருகன் காலண்டரின் ஆணி காரையோடு பெயர்ந்து கையில் வந்துவிட்டது. வேறு ஆணி அடிக்கச் சோம்பல். எழுத்து அட்டை மாட்டியிருந்த ஆணியிலேயே, அட்டையின் மேல் காலண்டரை மாட்டிவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். முருகன் அட்டையை முழுசாக மறைத்துக்கொண்டார்.

சாயங்காலம் டீ எடுத்துக்கொண்டு வந்தேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாத்தியார் சுவருக்கு முதுகு காட்டி நாற்காலியில் சாய்ந்து, கண் மூடித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பிரணிகா பள்ளிக்கூடத்திலிருந்து வந்த வேகத்தில் பையைக்கூட இறக்காமல் எதிரே நின்று, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஈ... எஃப் பீ... டீ ஓ இஜட்டு... எல் பீ ஈ டீ..."

சுவரில் வேலும் மயிலுமாக முருகன் நிற்கிறார். என் மகள் அவரைப் பார்த்து ஓர் எழுத்துப் பிசகாமல் கடைசி வரி வரை வாசித்து முடித்தாள். வாத்தியார் கண்ணைத் திறக்காமலே "பலே" என்றார்.

டீ டம்ளரை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. பக்கத்தில் போய் அவள் தோளைத் தொட்டேன். "கண்ணு, கைய எடுக்காத. செவுத்துல என்ன இருக்குது சொல்லு."

"எழுத்து அட்டைங்மா."

வாத்தியார் கண்ணைத் திறந்தார். திரும்பி முருகனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் முருகனைப் பார்த்தார். அந்த முகத்தை நான் கேலி செய்ய மாட்டேன்.

அப்புறம் விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. அந்தக் கண்ணில் எல்லாம் வெள்ளைப் புகையாகத்தான் தெரிகிறதாம். மாம்பழம் விற்கிற காலத்திலிருந்தே அப்படித்தானாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவள் அழக்கூட இல்லை, நியாயமாகப் பதில் சொன்னாள்.

"எழுத்து சொல்லலீன்னா ஆபரேசன்னு டாக்டரம்மா சொன்னாங்க. எழுத்து சொன்னா அப்பா சந்தோசமா இருந்தாங்க. நீங்களும்தான் இருந்தீங்க."

இன்றைக்கு டியூஷன் இல்லை என்று வாசலில் நின்ற பிள்ளைகளை வாத்தியார் அனுப்பிவிட்டார். காய்ச்சலிலும் வகுப்பை விடாதவர். காலண்டரை இறக்கி, அட்டையை இறக்கி, ஆணியையும் பிடுங்கினார்.

நான் பிரணிகாவை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, புருவம் திருத்துகிற தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தேன். கருமணிக்கு நடுவில் வெள்ளை. பால் சிந்திய மாதிரி. கண் தெரிந்த யாருக்கும் தெரிந்திருக்கும். போன மாதம் நேரமில்லை என்று எழுதியிருக்கிறேன். நேரம் இருந்தது. பயம்.

செப்டம்பர் 26

டாக்டர் ரெஜினாவிடம் வாத்தியாரே சொன்னார். நாற்காலியில் உட்காராமல், வீட்டுப் பாடம் செய்யாத பையன் மாதிரி நின்றுகொண்டு, அட்டை வாங்கியது முதல் முருகன் வரை ஒன்றையும் விடவில்லை. வேறு எழுத்துகளைக் காட்டிச் சோதித்தார்கள். பிரணிகாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. கண் முன்னால் விரலை நீட்டினால் எத்தனை என்று சொல்கிறாள், அவ்வளவுதான்.

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சார், என் சர்வீஸ்ல கண் பரீட்சைக்கு டியூஷன் வச்ச ஒரே அப்பா நீங்கதான்" என்றார். ஒவ்வொரு தடவையும் அதே அட்டையைக் காட்டியது தங்கள் பிசகுதான் என்றும், படலத்தைப் பார்த்தும் தன் கண்ணை நம்பாமல் அவள் ராகத்தை நம்பிவிட்டதாகவும் சொன்னார். பிறகு பிரணிகாவைப் பக்கத்தில் இழுத்து, தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்கிற பிள்ளைக்குத்தான் இங்கே முழு மார்க்கு என்றார்.

வீக்கம் இன்னும் அடங்கித்தான் இருக்கிறது. அதுதான் எங்கள் அதிர்ஷ்டம். அக்டோபர் பதினாறு என்று நாள் குறித்தாயிற்று. எவ்வளவு பார்வை திரும்பும் என்று கேட்டேன். மூளை அந்தக் கண்ணை எவ்வளவு மறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது, இப்போதே சொல்ல முடியாது என்றார்.

அக்டோபர் 13

ஆபரேஷனுக்கு முன்னால் வீக்கம் தலைதூக்காமல் இருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதனால் பிரணிகாவுக்குப் பசி பிடித்து ஆட்டுகிறது. காலையில் ஏழு இட்லி. கன்னம் இரண்டும் பன் மாதிரி ஆகிவிட்டன. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அம்மா, எனக்கும் ஃபேசியல் பண்ணீட்டீங்களா?" என்றாள். சிரித்தேன். உள்ளே போய்க் கொஞ்சம் அழுதேன். வந்து எட்டாவது இட்லி வைத்தேன்.

அக்டோபர் 16

மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள் என்பதால் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் கிடையாது. ஆபரேஷனைவிட அதுதான் பெரிய கொடுமை என்று பிரணிகா நர்ஸிடம் புகார் செய்தாள். படுக்கையில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு வரைக்கும் என் விரலைப் பிடித்திருந்தாள். அப்புறம் விட வேண்டியதாயிற்று.

வாத்தியார் பெஞ்சில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். காதைக் கொடுத்தால் பதினாறாம் வாய்ப்பாடு. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நானும் கூடச் சேர்ந்து சொன்னேன். வேறு என்ன செய்வது?

படலத்தை எடுத்துவிட்டார்கள். வீக்கத்தால் கருமணியின் ஓரம் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்ததாம், அதையும் பிரித்துவிட்டார்களாம். உள்ளே லென்ஸ் வைத்தாயிற்று. கண் ஒத்துழைத்தது என்றார் டாக்டர். வாத்தியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிரணிகா விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, இப்போதாவது இட்லி தருவார்களா என்பது.

அக்டோபர் 24

சொட்டு மருந்து, சொட்டு மருந்து, சொட்டு மருந்து. ஒவ்வொரு மணிக்கும். இப்போது நேராகக் கண்ணைப் பார்த்தே விடுகிறேன்.

நவம்பர் 8

தீபாவளி. வெடி கூடாது, புகை கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது. ஜன்னலை அடைத்துக்கொண்டு மூவரும் தாயம் ஆடினோம். பிரணிகா தாயக்கட்டையைத் தன் வசதிக்கு வாசித்தாள். கண் பார்வையின் பேரில் சலுகை கேட்டாள். கொடுக்கவில்லை.

போன வாரம் வீக்கம் லேசாகத் திரும்பி வந்தது. மருந்தைக் கூட்டியதும் அடங்கிவிட்டது. அந்த நாலு நாள் நான் என்ன பாடுபட்டேன் என்பதை எழுதப் போவதில்லை. பார்லர் கண்ணாடிகள் பளபளக்கின்றன.

இனி தினமும் இரண்டு மணி நேரம் நல்ல கண்ணைப் பட்டை ஒட்டி மூடி, இடது கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும். அது இத்தனை நாள் விடுப்பில் இருந்ததல்லவா?

டிசம்பர் 5

இன்று பார்வைப் பரிசோதனை. வாத்தியார் திருந்திவிட்டார் என்று எழுதலாம், ஆனால் அவர் எதையும் அளவோடு செய்ய மாட்டார். ஆஸ்பத்திரி நடையில் எந்த அறையிலாவது எழுத்து அட்டை கண்ணில் பட்டுவிடும் என்று, பிரணிகாவின் இரண்டு கண்ணையும் தன் கையால் பொத்தி நடத்திக்கொண்டு போனார். எதிரே வந்த பெரியவர் ஒருவர், முழுக்கப் பார்வையில்லாத பிள்ளை என்று எண்ணி ஒதுங்கி வழிவிட்டு, பாவம் என்றார். பிரணிகா விரலிடுக்கில் பார்த்து அவருக்கு நன்றி சொன்னாள்.

இப்போது அட்டை இல்லை. திரையில் எழுத்துகள் ஒவ்வொரு முறையும் மாறி மாறி வருகின்றன. வலது கண்ணை மூடினார்கள்.

ராகம் இல்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். மூன்றாம் வரியில் ஒன்று தப்பு. நாலாம் வரியில் இரண்டு. ஐந்தாம் வரிக்கு வந்ததும் ரொம்ப நேரம் பார்த்தாள். திரும்பித் தன் அப்பாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்து, "அதுக்கு மேல தெரியலீங்க" என்றாள்.

வாத்தியார் எழுந்து நின்று கை தட்டினார். வாசிக்க வைக்கிற பெண் பயந்துபோனாள். விரல் எண்ணிக்கையிலிருந்து நாலு வரி. டாக்டர் ரெஜினாவும் வந்து பார்த்துவிட்டு, மூளை மறக்கவில்லை, இன்னும் ஏறும் என்றார். இந்த முறை "ஆனால்" சொல்லவில்லை. நான் காத்திருந்து பார்த்தேன், சொல்லவே இல்லை.

திரும்பும் வழியில் மைசூர்பாகு. தெரியவில்லை என்று சொன்ன பிள்ளைக்கு வாத்தியார் இனிப்பு வாங்கிக் கொடுத்தது அவர் சரித்திரத்தில் இதுதான் முதல் தடவை. பிரணிகா நாலு துண்டு தின்றாள், வரிக்கு ஒன்று.

டிசம்பர் 6

மதியம் பார்லரில் கூட்டம் இல்லை. பிரணிகா நல்ல கண்ணை ஒட்டி மூடிக்கொண்டு, இரண்டு மணி நேரம் ஓட்ட வழி தெரியாமல் என் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் சீப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். சுற்றுகிற சத்தம் நின்றது. நிமிர்ந்தால் என்னையே பார்க்கிறாள். எழுந்து வந்து, நான் வாடிக்கையாளரைப் பார்க்கிற தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தாள்.

"அம்மா, உங்க ஒரு புருவம் மேல நிக்குது. இந்தப் பக்கத்தது. வாரவங்க யாரும் சொல்லலீங்களா?"

நான் சீப்பைக் கீழே போட்டுவிட்டேன். அந்தக் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து முத்தம் கொடுத்தேன். கண்ணில் ஒட்டியிருந்த பட்டை கொஞ்சம் பிய்ந்துவிட்டது, மறுபடி ஒட்டினேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் அப்பாவிடமும் சொன்னாள். வாத்தியார் என் முகத்தை வெகுநேரம் ஆராய்ந்துவிட்டு, ஆமாம், எப்போதிலிருந்து இப்படி என்றார்.

நூலை எடுத்துச் சரி செய்ய ஒரு நிமிடம் ஆகாது. எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். அது கொஞ்ச நாள் அப்படியே நிற்கட்டும். அவள் தினமும் பார்த்துச் சிரிக்கட்டும்.

காலைச் சொட்டு மருந்து விட்டாயிற்று. மாலைச் சொட்டு மருந்து விட்டாயிற்று.